ஒரே நாளில் ஃபேஷன் போட்டோவும் வீடியோவும் எடுக்கலாமா?

மட்டக்களப்பில் ஒரு சேலைக் கடைக்கு மாடலை வைத்துப் போட்டோவும் வீடியோவும் ஒரே நாளில் எடுக்க முடியுமா, ஒரே கமரா போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கமரா ஒன்று போதும். வெளிச்சம்தான் பிரச்சினை. போட்டோவுக்கு பிளாஷ் ஒரு கணம் மின்னினால் சரி. வீடியோவுக்குத் தொடர்ந்து எரியும் எல்இடி லைட் வேண்டும். நொடிக்கு 25 பிரேமில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள். அசைவு இயல்பாகத் தெரியும்; நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடை விளக்குகளும் படத்தில் துடிக்காது. ஆனால் கல்லடிக் கடற்கரை வெயிலில் அதே 1/50 படத்தை வெளிறடித்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

கல்லடியில் சூரியன் கடலில் எழும், வாவிப் பக்கம் சாயும். அதனால் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் வீடியோ, நடுப்பகலில் கடைக்குள் போட்டோ, மாலையில் வாவிக்கரை என்று பிரித்துக்கொள்வேன்.

மருதமுனைக் கைத்தறி என்றால் இன்னும் கவனம். நெருக்கமான கோடும் கட்டமும் வீடியோவில் அலையலையாக நெளியும், மொயரே என்பார்கள். சற்று நெருங்கியோ விலகியோ நின்று பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். நிறத்திலும் கவனம் வேண்டும். நெய்தவரின் உழைப்பு சேலையின் நிறத்தில் இருக்கிறது. அது மாறிப்போனால் எனக்கு மனசு கேட்காது. இடம் மாறும்போதெல்லாம் சாம்பல் அட்டையை வைத்து வைட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ற நிறச் சமநிலையைச் சரிபார்ப்பேன்.

அப்புறம், போட்டோவுக்கும் வீடியோவுக்கும் தனித்தனியாக விலை பேசுங்கள். படங்களை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாடலின் சம்மதமும் அப்படியே.