ஓமனில் நாலு நாள்: முழங்கால் வலியுள்ள அப்பாவோடு

வணக்கம். டிசம்பரில் நாலு நாள், சாதாரண வாடகைக் கார், வாதி ஷாப் பள்ளத்தாக்கு, வஹிபா மணல் பாலைவனம், நிஸ்வா நகரம் மூன்றும் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வாதி ஷாப்பை விட்டுவிடுங்கள். படகில் கடந்ததும் பாறைகளில் நெடுநேரம் நடக்க வேண்டும், கடைசியில் நீந்தவும் வேண்டும். அப்பாவுக்கு அது சரிவராது. பதிலாக வாதி பனி காலித் என்ற பள்ளத்தாக்குக்குப் போங்கள். தார்ச்சாலை உண்டு, கார் நிறுத்துமிடத்திலிருந்து குளம் வரை பாதை சுலபம்.

புதன்கிழமை காலை மஸ்கட்டிலிருந்து கிளம்பினால் பயணம் சரியாக அமையும். அன்றிரவு வஹிபாவில் மணல்மேட்டு முகாம். மணலில் உங்கள் காரை இறக்கவே வேண்டாம். பாலைவன ஓரத்து ஊரான பிதியாவில் நிறுத்திவிட்டால் முகாம்காரர்கள் ஜீப்பில் கூட்டிப் போவார்கள், முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள்.

வியாழன் இரவு நிஸ்வாவில் தங்கியே ஆக வேண்டும். ஏனென்றால் வெள்ளி காலை ஆட்டுச்சந்தை. வாங்குபவர்கள் வட்டமாக நிற்க, விற்பவர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து விலையைக் கூவிக்கொண்டே சுற்றி வருவார்கள். பிடித்துப்போனால் நிறுத்தி, பல்லைப் பார்த்து, மடியைத் தொட்டுப் பேரம் தொடங்கும். வெயில் ஏறுமுன் கலைந்துவிடும், ஏழு மணிக்கே போய்விடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே ஃபலஜ் தாரிஸ். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய பாசனக் கால்வாய். அப்பா தண்ணீரில் கால் நனைத்து உட்காரலாம்.

ஜபல் அக்தர் மலை உங்கள் காருக்கு ஆகாது. அங்கே நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயம், இல்லையென்றால் அடிவாரத்திலேயே போலீஸ் தடுத்துவிடும். சனி காலை மஸ்கட் பெரிய மசூதி. அம்மா தலைக்குத் துணி வைத்துக்கொள்ளட்டும்.