உடையாத எலும்பை வெட்டலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில், வலது மேற்கை எலும்பின் அடிப்பகுதி முழங்கை மூட்டுக்குள் பல துண்டுகளாக உடைந்துவிட்டது. முழங்கை முனை எலும்பை வெட்டித் திறந்துதான் பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். அதை வெட்டாமலே செய்யலாம் என்கிறார் இன்னொருவர். நன்றாக இருக்கும் எலும்பை ஏன் வெட்ட வேண்டும்?

பதில்: இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகள்தான். உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை, மூட்டின் வழவழப்பான பரப்பு எத்தனை துண்டுகளாக, எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதை எக்ஸ்ரேயைவிட முப்பரிமாண சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அந்தப் பரப்பில் மேடு பள்ளம் மிஞ்சினால் முழங்கை இறுகிப்போகலாம், பின்னாளில் தேய்மானமும் வரலாம் என்பதால், துண்டுகளைக் கண்ணால் பார்த்துச் சரியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் கையின் பின்பக்கமாகத் திறக்கும்போது, கையை நீட்ட உதவும் டிரைசெப்ஸ் தசையும் அது ஒட்டியிருக்கும் முழங்கை முனை எலும்பும் அந்தப் பரப்பை மறைத்துக்கொண்டிருக்கும். முனை எலும்பை ‘வி’ வடிவில் வெட்டித் தசையோடு மேலே தூக்குவது இதற்காகத்தான். இறந்தவர்களின் கைகளில் செய்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், தசையை நடுவே பிளந்தபோது மூட்டுப் பரப்பில் சுமார் 35 சதவீதமும், தசையை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்கியபோது 46 சதவீதமும், முனை எலும்பை வெட்டியபோது 57 சதவீதமும் கண்ணுக்குத் தெரிந்தன. வெட்டினாலும் முழுப் பரப்பும் தெரிவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. வெட்டிய எலும்பைக் கம்பியாலோ பிளேட்டாலோ மீண்டும் பொருத்த வேண்டும். சிலருக்கு அது கூடாமல் போகும். அங்கே தோல் மெல்லியது என்பதால் கம்பி உறுத்தி, அதை எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு.

முனை எலும்பை வெட்டாமல், தசையின் இரு பக்கங்களிலும் நுழைந்து செய்யும் முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை. டிரைசெப்ஸ் எலும்போடு ஒட்டியபடியே இருப்பதால், கையைத் தன் பலத்தால் நீட்டும் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கலாம். மூட்டுப் பரப்பு இரண்டு மூன்று பெரிய துண்டுகளாக மட்டும் பிரிந்திருந்தால் நான் இதையே விரும்புவேன். போதுமான அளவு தெரியவில்லை என்றால், அதே அறுவை சிகிச்சையின்போதே முனை எலும்பை வெட்டும் முறைக்கு மாறிக்கொள்ளவும் முடியும். முன்பக்கத்திலும் நடுவிலும் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கியிருந்தால், தயக்கமின்றி வெட்டுவதே நல்லது.

எலும்பு மிகவும் பலவீனமாக இருந்தாலோ, முடக்குவாதத்தால் மூட்டு ஏற்கெனவே கெட்டிருந்தாலோ, செயற்கை மூட்டு பற்றிப் பேச்சு வரலாம். அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் முனை எலும்பை வெட்டாமல் விடுவதே முறை, ஏனெனில் செயற்கை மூட்டின் ஒரு பகுதி அந்த எலும்பில்தான் பொருத்தப்படுகிறது. செயற்கை மூட்டு வைத்த கையால் ஆயுள் முழுவதும் அதிக எடை தூக்கக் கூடாது என்பதால், 58 வயதில் உடைந்ததைச் சேர்க்க முடிந்தால் சேர்ப்பதே மேல்.

எந்த முறையானாலும், முழங்கையின் உட்புறம் ஓடும் அல்னார் நரம்பைக் கண்டறிந்து பாதுகாப்பது கட்டாயம். அம்மாவுக்குச் சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் இப்போதே மரமரப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு மருத்துவர்களிடமும் ஸ்கேனை வைத்துக்கொண்டு, மூட்டுக்குள் எந்தத் துண்டைப் பார்த்து இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பிளேட் உறுதியாகப் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே பிசியோதெரபி தொடங்கிவிடும். 30 முதல் 130 டிகிரி வரை மடக்கி நீட்ட முடிந்தால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்துகொள்ளலாம். ஆனால் எண்ணெய் தேய்த்து உருவிவிடவோ, வலுக்கட்டாயமாக மடக்கவோ யாரையும் விடாதீர்கள். அதனால் மூட்டைச் சுற்றியுள்ள தசைக்குள் புதிதாக எலும்பு வளர்ந்து, கை நிரந்தரமாக இறுகிவிடக்கூடும்.