காபியை நிறுத்தினால் மண்டை பிளப்பது ஏன்? கேள்வி-பதில்

தினம் நாலைந்து காபி குடிப்பேன். ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாளே மண்டையைப் பிளக்கும் தலைவலி, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். மூன்றாம் நாள் மறுபடி குடித்துவிட்டேன். எனக்கு மன உறுதி போதாதோ?

மன உறுதியை இதில் இழுக்காதீர்கள். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது மூளை செல்களில் தனக்கென உள்ள ஏற்பிகளில் (பொருள் வந்து ஒட்டும் இடங்களில்) போய் ஒட்டும்போது அசதி தட்டும். காபியில் உள்ள கஃபீன் முந்திக்கொண்டு அந்த ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. தினமும் இது நடந்தால் மூளை ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று கஃபீன் வராத நாளில் அத்தனையிலும் அடினோசின் ஏறிக்கொள்கிறது. தலையின் ரத்தக்குழாய்கள் விரிந்து விண் விண்ணென்று தெறிக்கிறது. கடைசிக் காபிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் 2 முதல் 9 நாளுக்குள் அடங்கிவிடும். மூன்றாம் நாள் என்றால் அநேகமாக மோசமான கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் குடித்திருக்கிறீர்கள். மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013-இலேயே இதை முறையான நோயறிதலாகச் சேர்த்துவிட்டது. தினம் 100 மில்லிகிராம் கஃபீன் குடிப்பவருக்கும் இது வரலாம். அதனால் ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள்.

படிப்படியாக என்றால் எப்படி? ஒவ்வொரு கப்பாகக் குறைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை.

கப் கணக்கு ஏமாற்றும். நாலு கப்பை இரண்டாக்கிவிட்டு, அந்த இரண்டையும் பெரிய கப்பில் கெட்டியாகக் குடிப்பவர்கள்தான் அதிகம். கஃபீனை மில்லிகிராமில் எண்ணுங்கள். 240 மில்லி வடித்த காபியில் ஏறக்குறைய 95, ஒரு கப் இன்ஸ்டன்ட் காபியில் 60, 30 மில்லி எஸ்பிரெசோவில் 63, ஒரு கப் டீயில் 40 முதல் 50, ஒரு கேன் கோலாவில் 35, 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் 80. எதையும் மாற்றாமல் மூன்று நாள் வெறுமனே குறித்து வையுங்கள். டீயும் கோலாவும் அந்தக் கணக்கில் வரட்டும். காபி போன இடத்தில் அவைதான் சத்தமில்லாமல் வந்து உட்காரும்.

பிறகு வாரத்துக்குக் கால் பங்கு குறையுங்கள். 400-இல் தொடங்கினால் 300, 200, 100, கடைசியாக 50, அப்புறம் பூஜ்யம். முதலில் போக வேண்டியது சாயங்காலக் காபி, கடைசியில் காலைக் காபி. கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக்குக் குடித்த 100 மில்லிகிராமில் கால்வாசி நள்ளிரவு 2 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சாயங்காலத்தியதை விட்டதுமே தூக்கம் சற்றுத் தேறும், மறுநாள் தேவையும் தானாகக் குறையும்.

காலைக் காபியை மட்டும் விட முடியாதவர்கள் டிகாஃப் பொடியை, அதாவது கஃபீன் நீக்கிய காபிப் பொடியை, கலக்கலாம். நாலு கரண்டி பொடி போடுகிற இடத்தில் முதல் வாரம் மூன்று சாதாப் பொடி, ஒன்று டிகாஃப். அடுத்த வாரம் பாதிக்குப் பாதி. அதற்கடுத்து ஒன்றுக்கு மூன்று. இரண்டையும் ஒரே டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைக்காதீர்கள். துகள்களின் அளவு வேறுபட்டால் நுண்பொடி அடியில் இறங்கிவிடும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவு கிடைக்கும். தலை தட்டையான கரண்டியாக அன்றன்றைக்கு அளந்து போடுங்கள். ஒரு படியில் தலைவலி வந்தால் அங்கேயே மூன்று நாலு நாள் நில்லுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

தலைவலிக்கு மாத்திரை போடலாமா?

போடலாம், அட்டையைப் படித்துவிட்டு. சில தலைவலி மாத்திரைகளில் ஒன்றுக்கு 65 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. இரண்டு போட்டால் ஒரு காபிக்கு மேல் ஆயிற்று! வலி சட்டென்று நிற்பதும் அதனால்தான். வெறும் பாராசிட்டமால் போதும். கஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகளை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

டிகாஃப் என்றால் கஃபீனே இல்லையா?

கொஞ்சம் உண்டு. பெரும்பாலும் கப்புக்கு 2 முதல் 5 மில்லிகிராம், சிலவற்றில் இன்னும் கூடுதல். பழக்கத்தை விடுகிறவருக்கு அது பொருட்டே இல்லை.

சிகரெட்டையும் காபியையும் சேர்த்தே விடப் பார்க்கிறேன்.

இரண்டையும் ஒரே நாளில் அடியோடு நிறுத்த வேண்டாம். புகையில் உள்ள வேதிப்பொருள்கள் கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகின்றன. சிகரெட்டை நிறுத்திய சில நாளில் அந்த முடுக்கம் போய்விடும். அதே காபி ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். நிகோடின் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிடுவார்கள். சிகரெட்டை விடும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். மிச்சப் பாதியை, சிகரெட் பழக்கம் அடங்கிய பிறகு மெல்லக் குறைக்கலாம்.

காபி இல்லாமல் காலையில் வயிறு இளகுவதில்லை.

காபி பெருங்குடலைத் தூண்டும். டிகாஃபும் ஓரளவு அதைச் செய்யும் என்பதால் இங்கேயும் அது கைகொடுக்கும். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், சாப்பாட்டில் நார்ச்சத்து, வழக்கமான நேரத்தில் கழிப்பறை. பெரும்பாலோருக்குச் சில நாளில் பழகிவிடும்.

யாராவது மருத்துவரைக் கேட்காமல் காபியை நிறுத்தக் கூடாதா?

லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சிறுநீரகம் வழியாக லித்தியத்தை வெளியேற்றக் கஃபீன் உதவுகிறது. சட்டென்று நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகலாம். குளோசபின் என்ற இன்னொரு மனநல மருந்தில் இது தலைகீழ்: கஃபீன் போனால் மருந்தின் அளவு இறங்கும். இரண்டிலுமே காபியைக் குறைக்கும் காலத்தில் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். கர்ப்பிணிகள் முழுவதும் விட வேண்டியதில்லை, நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஆரோக்கியமான மற்ற பெரியவர்களுக்கு 400. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், வெறும் வயிற்றில் இருக்கும் அந்த நாளில் காபி நின்று தலைவலி வராமலிருக்க, முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். நேரமில்லை என்றால், பால் சேர்க்காத காபியை எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.