புரியாமலா சண்டை?

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். பாகம் பிரித்தபின் என் பங்கு நிலத்தில் வண்டிப்பாதை கேட்டு அண்ணன் தகராறு. மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததே எல்லாச் சண்டைக்கும் காரணம் என்று நினைக்கிறேன். செல்போன் வந்தபின் பொறுமையும் போய்விட்டது. நானே முதலில் பேசலாமா?

கு.

அன்புள்ள கு.,

செல்போனை விடுங்கள். அது வருமுன்பே வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்கள் நாம். ஆனால் 'புரியாததால் சண்டை' என்கிறீர்களே, அதை விடமாட்டேன். கொஞ்ச நாளாக நானும் அது சரியா என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியுமுன் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணி என்று உத்தரவு. வெள்ளை அதிகாரிகளுக்கு அவர்கள் மனம் புரியவில்லையாம்! மே மாதமே முகத்துக்கு நேரே மறுத்தார்களே. அதற்கு ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் சவுக்கடி கொடுத்து வேலையைவிட்டு நீக்கினார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடமே போய்ச் சொன்னார். பைத்தியம் என்று அடைத்துவைத்தார்கள். இதில் புரியாதது எது? இறங்கிவர மனமில்லை, அவ்வளவுதான். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கிணறுகளைக் கெடுத்தது யாருக்குத் தெரியாது? ஆனாலும் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது.

எங்கள் நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் கூட்டுக் கிணறு. கோடையில் சித்தப்பாவுக்கு எப்போதும் ராத்திரி முறை. கரண்ட் பாதி நேரம் இருக்காது. "பயிர் காயுதுண்ணா" என்று அவர் வாசலில் நின்று சொன்னது நைனாவுக்கு நன்றாகவே புரிந்தது. பகல் முறையை விடத்தான் மனம் வரவில்லை. ஊரார் வந்து "பாசமா பேசித் தீத்துக்குங்க" என்றார்கள். பாசத்துக்கு அங்கே குறைவே இல்லை. அம்மாதான் கடைசியில் குறுக்கே நின்று, ஒரு வாரம் பகல் நமக்கு, ஒரு வாரம் அவர்களுக்கு என்று முறையை மாற்றினாள். அந்த வாரமே சித்தப்பா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கூழ் குடித்தார்.

உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள் தம்பி. மனிதமனம் பற்றி இவ்வளவு எழுதியவர், அண்ணன் எத்தனை அடி கேட்கிறார், பாதை இல்லாமல் அவர் எப்படிப் போகிறார் என்று ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான் வருகிறது எனக்கு. உங்களுக்கும் தெரியும், அதனால்தான் எழுதவில்லை.

முதலில் நீங்களே பேசுங்கள், தாராளமாக. ஆனால் எத்தனை அடி விடுவீர்கள் என்று முடிவுசெய்துகொண்டு போங்கள். அறுப்புக்கு முன்னால் போங்கள். பாதை இல்லாவிட்டால் அவர் வீட்டு நெல் தலைச்சுமையாகத்தானே வந்தாக வேண்டும்.