பழைய கமரோ காரில் இருப்பது அசல் எஞ்சின்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின் இன்றும் காரில் இருந்தால் அதை 'நம்பர்ஸ் மேட்சிங்' என்பார்கள். 1969 செவர்லே கமரோவில் பிளாக்கின் (எஞ்சினின் முக்கிய உலோக உடல்) பின்பக்கம் வார்ப்பு எண் இருக்கும். அது பிளாக்கை வார்த்த அச்சின் எண்தான். 3970010 என்ற பிளாக் 1970களிலும் பல வண்டிகளுக்குப் போனது. அதனால் தேதிக் குறியீட்டையும் பாருங்கள்: 'சி 15 9' என்றால் மார்ச் 15, 1969 (சி மூன்றாம் எழுத்து, அதாவது மூன்றாம் மாதம்). (ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான், 1979 ஆகவும் இருக்கலாம், கவனம்!) இந்தத் தேதி கார் தயாரான நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். அப்புறம், பிளாக்கில் தனியாகக் குத்திய எண் காரின் அடையாள எண்ணோடு பொருந்த வேண்டும்.

மாத்திரை அட்டையில் மருந்தின் பெயர், தயாரித்த தேதி, பில்லில் உங்கள் பெயர் என்று மூன்றும் தனித்தனி அல்லவா, அதுபோல.

வார்ப்பு எண் சரியாக இருந்தாலே அசல் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்; அது எஞ்சினின் வகையை மட்டுமே காட்டும்.