தீபாவளியைக் கப்பலில் கொண்டாடலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பயணக் குழுவின் பதில்கள்

நானும் கணவரும், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். 'தீபாவளி ஸ்பெஷல்' என்று மும்பையிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் ஒன்றை ஏஜென்ட் சொல்கிறார். அதே கப்பலின் அடுத்த வாரப் பயணத்தைவிட ஆளுக்கு 11,000 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?
*வாசகி, கும்பகோணம்*

கொடுக்க வேண்டாம். கப்பலில் குறையொன்றும் இல்லை. அந்தத் தேதிக்குத்தான் அவ்வளவு விலை ஆகாது.

கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். லாபியில் ரங்கோலி, மாலையில் லட்சுமி பூஜை, மேல் டெக்கில் தாண்டியாவும் டி.ஜே.யும், பஃபேயில் நாலு இனிப்பு. நீச்சல்குளம், மேடை நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கான விளையாட்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் எந்த வாரம் ஏறினாலும் அதேதான். ஆறு பேருக்கு 66,000 ரூபாய் அதிகம் கட்டி வாங்குவது ஒரு மாலை நேரத்து அலங்காரம்.

அதுவும் நம்முடைய தீபாவளி இல்லை. நமக்குத் தீபாவளி விடியற்காலையில் வருகிறது: எண்ணெய்க் குளியல், லேகியம், கோடித்துணி, பெரியவர்கள் காலில் விழுவது. கப்பலின் நிகழ்ச்சி நிரல் வடக்கத்தித் தீபாவளியின் மாலைப் பூஜையை வைத்துப் போடப்படுவது. கேபினில் அகல் ஏற்ற முடியாது. மெழுகுவத்தி, ஊதுவத்தி, மத்தாப்பு எதையும் உள்ளே விடமாட்டார்கள். கடல் நடுவே தீப்பிடித்தால் ஓடிப்போக இடமில்லை என்பதால் இதில் தளர்வே கிடையாது. கேபின் குளியலறை ஒருவர் திரும்பி நிற்கும் அளவுதான். அங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்தால், ஆடுகிற தரையில் உங்கள் மாமனார் மாமியாருக்கு வழுக்கும். வீட்டில் கிளறிய லேகியமும் சுட்ட அதிரசமும் பெரும்பாலும் சோதனையிலேயே நின்றுவிடும். கடையில் சீல் வைத்த பொட்டலத்தைத்தான் விடுவார்கள்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். கப்பலின் மொத்த டன் எண்ணிக்கையைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். இங்கே டன் என்பது எடையல்ல, கப்பலின் உள்கொள்ளளவு. மும்பையிலிருந்து ஓடும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 1990இல் கட்டப்பட்டது, சுமார் 48,500 டன். கேபினுக்கு இரண்டு பேர் என்றால் ஏறக்குறைய 1,600 பயணிகள், ஆளுக்கு 30 டன். பண்டிகை நாளில் குடும்பங்கள் மூன்றாவது, நான்காவது படுக்கையையும் நிரப்பிவிடும். 2,000 பேர் ஏறினால் அது 24க்கு இறங்கும். அந்த வித்தியாசத்தைக் காலை எட்டரை மணி பஃபே வரிசையிலும், இடமில்லாத நீச்சல்குளத்திலும், வந்து நிற்காத லிஃப்டிலும் பார்ப்பீர்கள். பெரியவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு லிஃப்ட் சின்ன விஷயமல்ல.

சென்னையிலிருந்தே போகலாமே என்று தோன்றும். நமக்குச் சம்பாவைக் காப்பாற்றும் அதே வடகிழக்குப் பருவமழைதான் அதற்குத் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் புயல் கடல். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜாவை டெல்டாவில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் கொந்தளிக்கும்போது கப்பலைச் சென்னைக்குக் கொண்டுவந்து, மழை இந்தப் பக்கம் திரும்பியதும் மும்பைக்கே கொண்டுபோவது கப்பல் நிறுவனத்தின் வழக்கம். ஆகவே தீபாவளிக் கப்பல் என்றால் மும்பை வரை ஆறு பேரின் போக்குவரத்தும் சேரும், அதுவும் பண்டிகை நெரிசலில்.

தீபாவளியை வீட்டில் கொண்டாடிவிட்டு அடுத்த வாரம் ஏறுங்கள். மிச்சமாகும் 66,000இல் பெரும்பாலும் ஜன்னலில்லாத கேபினுக்குப் பதில் பால்கனி கேபின் எடுக்க முடியும். பெரியவர்கள் உட்கார்ந்து கடல் பார்க்க அதைவிட நல்ல இடம் கப்பலில் கிடையாது. ஒரே ஒரு நிலையில் பண்டிகைத் தேதிக்கே காசு கொடுக்கலாம்: பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில் இருந்து, அந்த நாலு நாள் விடுமுறையில் மட்டுமே எல்லோரும் கூட முடியும் என்றால். அப்போது கூடுதல் பணம் கப்பலுக்கல்ல, எல்லோரும் ஒன்றாக இருப்பதற்கு.

அம்மாவுக்கு 68 வயது. மலைப்பாதை பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பார். முட்டி வலியும் உண்டு. கப்பல் ஒத்துக்கொள்ளுமா?
*வாசகர், திருவாரூர்*

கேபினைச் சரியாக எடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கப்பல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடும். ஏறி இறங்கும் சீசா பலகையில் ஓரத்தில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு இல்லையா, அதே கணக்கு. நீளவாக்கில் நடுப்பகுதி, உயரவாக்கில் கீழ் டெக். முன்பக்க உச்சி கேபின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 'கேரண்டி' என்ற பெயரில் விற்கும் மலிவு டிக்கெட்டில் கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும். அம்மாவுடன் போகும்போது அதைத் தொடாதீர்கள். எண்ணைக் குறிப்பிட்டு, லிஃப்டுக்கு அருகில், மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளத்தில் கேளுங்கள். தலைக்கு மேல் நடனத் தளமோ சமையலறையோ இருந்தால் இரவுத் தூக்கம் போய்விடும்.

பயணக் குமட்டலைத் தடுக்கும் அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பலனில்லை. கப்பல் கிளம்ப ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்டாலும் ஆகாது. தலை சுற்றினால் படுத்துக் கைபேசியைப் பார்க்காமல், வெளியே வந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு உணரும் ஆட்டமும் கண் பார்க்கும் காட்சியும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம்.

முட்டி வலிக்கு இன்னொன்று. சில துறைமுகங்களில் கப்பல் கரைக்கு வராது; நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள். அந்தப் படிக்கட்டு அம்மாவுக்கு ஆகாது. கப்பல் கரையிலேயே கட்டப்படுமா என்று துறைமுகம் துறைமுகமாகக் கேட்டுவிட்டுப் புக் செய்யுங்கள்.

விளம்பரத்தில் ஒரு விலை, கடைசி பில்லில் ஒரு விலை என்கிறார்களே?
*வாசகர், மயிலாடுதுறை*

உண்மைதான். விளம்பர விலை, ஒரு கேபினை இரண்டு பேர் பகிரும்போது ஒருவருக்கான அடிப்படைக் கட்டணம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் ஏறும். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அடிப்படைக் கட்டணம் குறையலாம். துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் தலைக்கு இவ்வளவு என்பதால் அவை குறையாது. வெளிநாட்டு நிறுவனங்களில் டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பொதுவாக 16 முதல் 20 அமெரிக்க டாலர், குழந்தைக்கும் சேர்த்து. நாலு பேர், மூன்று இரவு என்றால் 192 முதல் 240 டாலர். இதைப் புக் செய்யும்போதே கட்டிவிட்டால் கடைசி நாள் அதிர்ச்சி இருக்காது. வெளிநாட்டுப் பேக்கேஜாக இருந்தால் டி.சி.எஸ். என்று ஒரு தொகையை வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள். யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆகவே கணக்கு தாக்கல் செய்பவர் பெயரிலேயே பணம் கட்டுங்கள்.

கப்பலுக்குள் காசு பிடுங்குவது பாட்டில் குளிர்பானம், வைஃபை, ஸ்பெஷல் உணவகம், புகைப்படம், கரைச் சுற்றுலா. கைபேசியைத் துறைமுகத்திலேயே ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் அது கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைத் தானாகப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்தபின் பில்லாக முளைக்கும். விளம்பர விலையை ஒன்றரையால் பெருக்கி அந்தத் தொகை கையில் இருந்தால் கிளம்புங்கள். விமானம், ரயில் செலவு தனி.

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு நாங்கள் இருவரும் அங்கே போய், மகன், மருமகளோடு அங்கிருந்து கப்பல் ஏறலாம் என்கிறார். எங்களுக்கு ஐந்து ஏக்கர் சம்பா.
*வாசகர், மன்னார்குடி*

பொங்கல் வேண்டாம், ஐயா. இங்கே தேதிக்கு முன்னால் பணமே இடறும். புக் செய்யும்போது முன்பணம்தான் கேட்பார்கள். மீதி முழுவதையும் பயணத்துக்கு 75 முதல் 90 நாள் முன்பே கட்டச் சொல்லும் நிறுவனங்கள் அதிகம். ஜனவரி 14க்கு அது அக்டோபர் பிற்பாதியில் வந்து விழும். நடவு, உரம், களையெடுப்பு என்று பணம் வயலில் இறங்கிக்கொண்டிருக்கும் சமயம். அந்தக் கெடு தாண்டியபின் ரத்து செய்தால் பாதி, முக்கால், கடைசி வாரங்களில் முழுத் தொகை என்று பிடித்தம் ஏறும். பொங்கல் சமயத்தில் கதிர் முற்றி அறுவடை மிஷினுக்கு நாள் குறிக்கிற வேலையும் நிற்கும். மழையில் சாய்ந்த பயிரை விட்டுவிட்டு நிம்மதியாக டெக்கில் உட்கார முடியாது.

அறுத்து, நெல் போட்டு, பணம் கைக்கு வந்த பிறகு மார்ச்சில் போங்கள். சீனப் புத்தாண்டு அதற்குள் முடிந்திருக்கும். மார்ச் நடுவில் வரும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை வாரத்தையும் தவிர்த்தால் கட்டணம் இறங்கும்.

விசாவில் ஒரு கண்ணி இருக்கிறது. கப்பல் பினாங்கு, ஃபூக்கெட் என்று போய்ச் சிங்கப்பூர் திரும்பினால், அது சிங்கப்பூருக்குள் உங்களுடைய இரண்டாவது நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால் ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள். பலமுறை நுழையும் விசாதானா என்று தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்தபிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும். நம் ஊர் இனிஷியல் வேறு சிக்கல் செய்யும்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்க, டிக்கெட்டில் ஓரெழுத்து இருந்தால் பெயர் பொருந்தாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடச் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் கப்பல் நாளன்றே போய் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின நாளே மகன் வீட்டில் இருங்கள். தாமதமாக வந்தவருக்காகக் கப்பல் நிற்காது, கட்டிய பணமும் வராது. சிங்கப்பூரில் கப்பல் முனையம் இரண்டு இடத்தில் உண்டு, மரினா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரண்ட் ஒன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்சி ஏறுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது.

ஏழு வயது மகளுக்குச் சிங்கப்பூர் டிஸ்னி கப்பல் ஆசை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் போனால் அலங்காரமும் பார்க்கலாமே?
*வாசகி, தஞ்சாவூர்*

கிறிஸ்துமஸ் அலங்காரம் டிசம்பர் 25க்கு மட்டும் போடுவதல்ல. டிஸ்னி கப்பல்களில் நவம்பரிலேயே தொடங்கிவிடும். அதனால் டிசம்பர் முதல் வாரத்தில் போகிறவர்கள் அதே மரத்தையும் விளக்கையும் குறைந்த விலைக்குப் பார்க்கிறார்கள். நமக்கு அப்போது அரையாண்டுத் தேர்வு நெருங்கும். விடுமுறை விட்டதும் கிளம்பினால், ஆண்டிலேயே அதிக விலையுள்ள வாரம்.

டிஸ்னி அட்வென்ச்சர் சுமார் 2,08,000 டன், 6,700 பயணிகள் வரை ஏறும் கப்பல். மூன்று, நான்கு இரவுப் பயணங்கள். கதாபாத்திரங்கள், மேடை நிகழ்ச்சி, ராட்டினம் என்று வருடம் முழுவதும் அந்தக் கப்பலே ஒரு திருவிழாதான். அதன்மேல் இன்னொரு பண்டிகையை ஏற்றினால் குழந்தைக்குக் கூடுதலாகக் கிடைப்பது அதிகமில்லை, வரிசைதான் நீளும். ஏழு வயது இதற்கு மிகச் சரியான வயது. விளையாட்டு அறையில் தனியாக இருக்கத் தெரியும், பொம்மை வேடத்தைக் கண்டு கண் விரியவும் செய்யும். தள்ளிப்போட வேண்டாம்.

எங்கள் யோசனை மே மாதம். இங்கே கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஜூன் விடுமுறை இன்னும் வந்திருக்காது. மே 1ஐ ஒட்டிய நாட்களை விட்டுவிட்டு, அதற்கடுத்த இரண்டு வாரங்களில், ஞாயிறு அல்லது திங்கள் கிளம்பும் பயணத்தைத் தேடுங்கள். மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் அணைத்த கடல் என்பதால் ஆட்டமும் குறைவு. கப்பல் தேதி உறுதியாகும் முன் திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள். இந்தக் கப்பலின் முதல் பயணமே 2025 டிசம்பர் என்று அறிவிக்கப்பட்டு, 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் இதுபோலத்தானா?
*வாசகர், நாகப்பட்டினம்*

இல்லை. அது பயணிகள் படகு. இருக்கை உண்டு, கேபின் இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர், சுமார் நான்கு மணி நேரம். பாஸ்போர்ட்டும், இலங்கைக்கு இணையத்தில் முன்கூட்டியே எடுக்கும் ஈ.டி.ஏ. அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுவிடுவதால் தீபாவளி, கிறிஸ்துமஸுக்கு இதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு வர இதைவிடப் பக்கமான வழி நமக்கு வேறில்லை. பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பெரிய பயணத்துக்கு முன் சோதித்துப் பார்க்கவும் இந்த நான்கு மணி நேரம் போதும்.