வாசகர் கேள்விகள்: தேவகோட்டைக்குப் போன தம்பி

கேள்வி: என் தம்பியை மூன்று வயதிலேயே தேவகோட்டையில் பங்காளி வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவனுக்கு 58, எனக்கு 61. முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீடோ கல்யாண வீடோ, எங்கே பார்த்துக்கொண்டாலும் அரசியல் பேச்சு வந்து சண்டையில்தான் முடிகிறது. நான் ஒரு கட்சி, அவன் நேர் எதிர். ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குப் புத்தி எப்படி இப்படிப் போகும்?
(வாசகர், செக்காலை, காரைக்குடி)

பதில்: அண்ணே, பதிலையும் கேள்விக்குள்ளேயே மடித்து வைத்து அனுப்பிவிட்டீர்கள். மூன்று வயதில் போன பிள்ளை. அந்த வீட்டு முகப்பில் எந்தத் தலைவர் படம் தொங்கியது, காலையில் திண்ணையில் எந்தப் பேப்பர் வந்து விழுந்தது, பந்தியில் உட்கார்ந்தால் யாரைத் திட்டிக்கொண்டு சோறு பிசைந்தார்கள், இதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் தம்பி. உங்கள் வீட்டில் தொங்கிய படமும் விழுந்த பேப்பரும் சேர்ந்துதான் நீங்கள். தம்பி புத்தி எப்படிப் போயிற்று என்று கேட்கிறீர்களே தவிர, உங்கள் புத்தி எப்படி வந்தது என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? மூத்த பிள்ளையைச் சுவீகாரம் கொடுப்பது வழக்கமில்லை, அதனால் நீங்கள் காரைக்குடியில் தங்கினீர்கள். மூன்று வருஷம் முந்திப் பிறந்ததுதான் உங்கள் கொள்கைக்குக் காரணம் என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1965-ல் பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். கட்சி விஷயத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோர் வழிதான். ஆனால் இந்தச் சட்டம் சரியா, அந்தத் திட்டம் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது அந்த ஒற்றுமை நிறையத் தேய்ந்துபோனது. நம்ம ஊருக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். கட்சி என்பது வீட்டுப் பாத்திரத்தில் பேர் வெட்டியிருக்கிற மாதிரி, அப்படியே கைமாறி வந்துவிடும். உள்ளே என்ன வைத்துச் சமைக்கிறோம் என்பது வேறு. அதனால் அடுத்த படைப்பில் தம்பியிடம் கட்சிப் பேரை எடுக்காமல் ஊருணி தூர்வாருவது, பஸ் வசதி, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாதது என்று பேசிப் பாருங்கள். பத்தில் ஏழு விஷயத்தில் அவர் உங்கள் பக்கம் நிற்பார் என்று பந்தயம் கட்டுகிறேன். மிச்சம் மூன்றுக்கு வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாம் வளர்ப்பும் தற்செயலும்தான் என்றால் கருத்துக்கு என்ன மதிப்பு? அப்புறம் எதற்கு விவாதம், எதற்கு ஓட்டு?
(கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

பதில்: நல்லாக் கேட்டம்மா. இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, பர்மாவில் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் பார்க்கப் போனவர். கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போய், முதலாளியின் ஆளுக்கு அடுத்தபடியான அடுத்தாளாகி, கடைசியில் பெகு பக்கத்தில் சொந்தமாக வட்டிக்கடை வைத்தார். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பாதி தூரம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். சுதந்திரம் வாங்கிய பர்மா 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. வயல் போச்சு. நஷ்டஈடு என்று ஒரு காசு வந்ததாக ஐயா சொல்லி நான் கேட்டதில்லை. 1969 ஜூலையில் இங்கே 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது எனக்கு எட்டு வயது. அதில் ஒன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கடை திறந்த, நம்ம செட்டியார் ஆட்கள் தொடங்கிய வங்கி. ரேடியோவில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஐயா எழுந்து போய்க் குமிழைத் திருகி அணைத்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அப்பத்தா தட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அந்த மூடிய தட்டிலிருந்து வந்ததுதான் என்னுடைய முதல் பொருளாதாரக் கொள்கை. நாட்டுடைமை என்றால் கொள்ளை, அவ்வளவுதான். யார் வந்து என்ன வாதம் செய்தாலும் எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் தெரியும்.

இருபத்தைந்து வயது வாக்கில் ஒரு நூலகத்தில் பர்மா பற்றிப் புரட்டும்போது இரண்டு எண் கண்ணில் பட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். எட்டே வருஷத்தில் நாலு மடங்கு. விலைக்கு வாங்கிய கதை இல்லை இது. 1930-ல் உலகமெங்கும் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் பேரேட்டில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நம்ம ஆட்களுக்கும் வேண்டியது பணம்தான், வயல் இல்லை. ஆனால் பெகு பக்கம் ஏதோ ஒரு வீட்டில் 1930-களில் ஒரு கிழவி இதே போல ஒரு தட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள் இல்லையா? அந்த வீட்டுப் பேரனுக்கு 1948 சட்டம் கொள்ளையாகவா தெரிந்திருக்கும்? எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. பற்றைச் சொன்னார்கள், வரவைச் சொல்லவில்லை.

சரி, அதற்காக ஐயாவின் பயம் வெறும் பயமா? இல்லை. ஒரு அரசாங்கம் நினைத்தால் ஒரே கையெழுத்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த முடியும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது, புத்தகம் படித்து நான் அதை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. விபத்தில் கிடைத்த கருத்து என்பதாலேயே அது தப்பாகிவிடாது. அந்த விபத்து எனக்கு எதைக் காட்டியது, எதை மறைத்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் விவாதமே வேண்டியிருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், இது சுத்தமான குருட்டு அதிர்ஷ்டம். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1-ந்தேதி சீட்டுக் குலுக்கினார்கள். கண்ணாடி ஜாடிக்குள் 366 குப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவன் முதல் வரிசையில் நிற்கிறான், கடைசியில் வந்த தேதிக்காரன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். ராபர்ட் எரிக்சன், லாரா ஸ்டோக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முன்னே சொன்ன அந்த 1965 பிள்ளைகளில் கல்லூரிக்குப் போகவிருந்த பையன்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். மாட்டிக்கொள்ளும் எண் வந்தவர்கள் போருக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள், பள்ளியில் சொல்லியிருந்த கட்சியையும் விட்டு விலகியவர்கள் அவர்களில் அதிகம். அதன் சாயல் 1990-களில் கேட்டபோதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதில் விசேஷம், உண்மையில் பட்டாளத்துக்குப் போனதால் வந்த மாற்றம் இல்லை இது. எண் வந்ததே போதும். தன் கழுத்துக்குக் கத்தி வந்தபிறகுதான் போர் சரியா என்று யோசித்திருக்கிறார்கள். நல்ல எண் வந்தவனுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இரண்டு பேரில் யாருடைய கருத்து விபத்து, சொல்லம்மா? நான் இரண்டாவது ஆளைத்தான் சொல்வேன், அவனுக்குத் தன்னுடையது விபத்து என்றே தெரியாது.

ஓட்டுப் போடு. போடுவதற்கு முந்தின நாள் உன் வீட்டில் மூடி வைத்த தட்டு எது என்று உங்கள் ஆயாவிடம் கேட்டுப் பார். எனக்கும் எழுது.

கேள்வி: எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். புருஷன்தான் எல்லாம் நடத்துகிறார், அந்தம்மா பேருக்குத்தான். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?
(வாசகர், கோட்டையூர்)

பதில்: புருஷன் நடத்துவதை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில், பெண் தலைவர் எந்தப் பஞ்சாயத்துக்கு என்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரிதான் அமைந்தது. அங்கே ஊர்க்காரர்களுக்கு ஒரு தலைவர் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். அதே பேச்சு, ஒரு இடத்தில் ஆண் குரல், இன்னொரு இடத்தில் பெண் குரல். பெண் தலைவரையே பார்த்திராத ஊரில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைத்து மார்க் போட்டார்கள். பார்த்துப் பழகிய ஊரில் அந்த வித்தியாசம் போய்விட்டது. இதில் வேடிக்கை, தலைவராக யார் வேண்டும் என்று நேராகக் கேட்டால் பழகிய ஊரிலும் ஆண்தான் வேண்டும் என்றார்களாம். வாய் மாறவில்லை, காது மாறியிருக்கிறது. இரண்டு முறை ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஒதுக்கீடு போன பிறகும் பெண்கள் நின்று ஜெயிப்பது கூடியிருக்கிறது.

என் தெருவிலேயே ஒரு பெரியவர், டீக்கடையில் உட்கார்ந்து மூன்று மாசம் இதே புலம்பல். இப்போது குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குடத்தோடு நேரே அந்தம்மா வீட்டு வாசலில் போய் நிற்கிறார். புருஷன் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டால், "உங்ககிட்ட இல்லை, மெம்பரைக் கூப்பிடுங்க" என்கிறார்.